குவோமா கூரை: 270 ஓவிய மட்டைகளும் அவற்றின் வரிசையும்

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகத்தின் மைக்கேல் ராக்ஃபெல்லர் பிரிவு 1982இல் திறக்கப்பட்டது. அதன் ஓசியானியக் (பசிபிக் தீவுக் கலை) கூடத்தில் பார்வையாளர்களின் தலைக்கு மேலே ஒரு ஓவியக் கூரை இருந்தது. பப்புவா நியூ கினியின் கிழக்கு செப்பிக் மாகாணத்தில், அம்புந்தி ஊருக்கு அருகிலுள்ள வாஷ்கக் குன்றுகளில் வாழும் குவோமா மக்கள் தங்கள் சடங்கு வீட்டுக் கூரையின் முறையில் செய்த படைப்பு அது. மரிவாய் ஊர் ஓவியர்கள் 1970க்கும் 1973க்கும் இடையில் வரைந்தார்கள். மொத்தத் தொகுதியில் 270க்கும் மேற்பட்ட ஓவியங்கள். 2021இல் அந்தப் பிரிவு சீரமைப்புக்காக மூடப்பட்டு, 2025 மே 31 அன்று மறுபடி திறந்தது. இப்போது அதே ஓவியங்கள் வேறு அடுக்கில் இருக்கின்றன. வரைந்தவர்களின் வழிவந்தவர்களைக் கலந்து பேசி, எந்தக் குலத்துக்கு எது உரியதோ அதன்படி சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

இத்தகைய படைப்புகளைப் பேணுவது பற்றிப் பேசுகிறவர்கள் நிறம் உதிர்வது, மட்டை சுருள்வது, பூச்சி அரிப்பது என்றுதான் தொடங்குவார்கள். அவையெல்லாம் உண்மையான தொல்லைகள். கீழே விவரமாகவே வருகின்றன. ஆனால் இந்தக் கூரையில் முதலில் அடிபட்டது வரிசை. மற்ற சேதங்களுக்கு வைத்தியம் உண்டு. எது எதற்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற அறிவு போய்விட்டால், சொல்லத் தெரிந்த ஆட்கள் உயிரோடு இருக்கும்வரைதான் அதைத் திரும்பப் பெற முடியும்.

வீடு எப்படிப்பட்டது

குவோமா சடங்கு வீட்டுக்குப் பக்கச் சுவர் இல்லை. கொரோம்ப் என்பது அதன் பெயர். செப்பிக் பகுதிச் சடங்கு வீடுகள் எல்லாவற்றுக்கும் நாட்டின் பொதுமொழியான டோக் பிசினில் வழங்கும் பொதுப்பெயர் ஹவுஸ் தம்பரான். நடுவே முகட்டு உத்தரத்தைத் தாங்கும் பெருந்தூண்கள். இருபுறமும் தரையை நோக்கி நன்றாகத் தாழ்ந்து இறங்கும் கூரை. சவ்வரிசிப் பனையின் ஓலையால் வேய்ந்தது. தூண்களிலும் உத்தரங்களிலும் செதுக்கு வேலை. அவற்றுக்கு மேல் வண்ணம். கைமரங்களுக்கு அடியில், கூரையின் உட்புறம் முழுக்க ஓவிய மட்டைகள். தரையில் நீளவாக்கில் பெரிய மரப்பறைகள், நடுநடுவே அடுப்பு. ஆண்கள் கூடும் இடம் அது. யாம் எனப்படும் வள்ளிவகைக் கிழங்கு அறுவடையை ஒட்டி நடக்கும் யேனா, மிந்ஜா, நொவ்க்வி சடங்குகளோடு பிணைந்த இடமும் அதுவே.

இதே மாகாணத்தில் மாப்ரிக் பக்கமுள்ள அபெலாம் மக்கள் முற்றிலும் வேறு முறையில் கட்டுகிறார்கள். அவர்களுடைய கொரம்போ வீடு முன்பக்கம் வானளாவ எழும்பி, பின்பக்கம் சரிந்து தரையோடு முடியும். முக்கிய ஓவியம் வெளியே, அந்த முக்கோண முகப்பில். பெரிய முகங்கள் வரிசை வரிசையாக; முகப்பின் அடியில் தலைகள் செதுக்கிய குறுக்கு விட்டம். அந்த முகப்பை ஊர்வெளியில் நிற்கும் எவரும் பார்க்கலாம். குவோமா ஓவியம் உள்ளே வருகிறவனுக்கு மட்டும் உரியது. அவன் தரையில் உட்கார்ந்தோ படுத்தோ, அடுப்பு வெளிச்சத்தில், தலைக்கு மேலே பார்க்கிறான். சரிவின் கீழ்ப்பகுதி ஓவியங்கள் கைக்கு எட்டும். முகட்டை ஒட்டியவை இருட்டில் கிடக்கும். அருங்காட்சியகத்தில் எல்லாமே உயரத்துக்குப் போய், எல்லாமே சம வெளிச்சத்தில் தெரிகின்றன. இந்த வேறுபாட்டை எந்தக் காட்சியமைப்பும் முழுக்கச் சரிக்கட்ட முடியாது. விளக்கப் பலகையில் ஒரு படமாவது போட்டுச் சொல்லிவிடலாம்.

மட்டை

ஓவியத்துக்கான தளம் சவ்வரிசிப் பனை மட்டையின் அடிப்பகுதி. டோக் பிசினில் பங்கல். சேலம் பக்கம் மரவள்ளிக் கிழங்கிலிருந்து செய்து நாம் பாயசத்தில் போடும் சவ்வரிசி, ஆதியில் இந்தப் பனையின் தண்டு மாவிலிருந்து வந்த பண்டம்தான். பத்துப் பதினைந்து ஆண்டு வளர்ந்து, ஒரே ஒரு முறை பூத்துச் சாகும் மரம். பூப்பதற்குச் சற்று முன் வெட்டினால்தான் தண்டில் மாவு நிறைய இருக்கும். தண்டு சோறாகிறது, ஓலை கூரையாகிறது, மட்டையின் அடி ஓவியத் தளமாகிறது. சவ்வரிசி எடுக்கும் வேலையும் வீடு கட்டும் வேலையும் ஒரே தோப்பில் நடக்கின்றன.

பாக்கு மட்டைத் தட்டு செய்வதைப் பார்த்தவர்களுக்கு இந்த மட்டையின் குணம் பிடிபடும். தண்டைத் தழுவி வளைந்தே வளர்ந்தது. விரித்தால் நிற்கும், காய்ந்தால் பழைய வளைவை நோக்கித் திரும்பும். நார் எல்லாம் நீளவாக்கில் ஓடும். வெளித்தோல் நெருக்கமானது, மெழுகுப் பளபளப்பு உள்ளது; உள்சதை பஞ்சு போன்றது. இரண்டும் வேறு வேறு அளவில் சுருங்குவதால்தான் மட்டை அகலவாக்கில் சுருள்கிறது. நீளவாக்கில் அநேகமாகச் சுருங்காது. வெடிப்பும் எப்போதும் நாரோடு, நுனியிலிருந்து உள்நோக்கி ஓடும். குறுக்கே முறிந்திருந்தால் யாரோ மடக்கியிருக்கிறார்கள் என்று பொருள்.

பச்சையாக இருக்கும்போதே விரிக்க வேண்டும். தடித்த நடுப்பகுதியைச் சீவி, சம கனத்துக்குக் கொண்டுவந்து, மேலே பாரம் ஏற்றி மெதுவாகக் காயவிட வேண்டும். வெயிலில் அவசரப்பட்டுக் காயவைத்தால் ஓரம் முதலில் சுருங்கி நடுப்பகுதி பின்தங்கும். இரண்டு நுனியிலும் வெடிப்பு விழும். சீவல் சீராக இல்லாவிட்டால் தடித்த இடத்தில் ஈரம் தங்கி, வண்ணம் பூசிய பிறகு பூஞ்சை வரும். தேறும் மட்டை ஏறத்தாழ ஒரு மீட்டரிலிருந்து ஒன்றரை மீட்டர் நீளம், அரை மீட்டர் அளவு அகலம். ஒன்றுக்கு 1.2 மீட்டர் நீளம், 0.5 மீட்டர் அகலம் என்று வைத்தால் 270 மட்டைகள் 160 சதுர மீட்டருக்கு மேல் வரும். ஒரு மரத்தில் ஒரே சமயம் சுமார் இருபது மட்டைதான் இருக்கும். அதிலும் எல்லாம் அகலமாக இருக்காது. ஆகவே ஒரு கூரைக்குரிய மட்டையைச் சேர்ப்பதே ஊர் கூடிச் செய்ய வேண்டிய வேலை.

வண்ணம்

காய்ந்த மட்டையின் மீது முதலில் கருமையான மண் பூச்சு. அது தளத்தின் நார் வரிகளை மூடி, மேல் நிறத்துக்குப் பிடிமானம் தருகிறது. அதன் மேல் உருவத்தின் எல்லைக்கோடு, பிறகு நிரப்பு நிறம், கடைசியாக ஓரம் முழுக்கப் புள்ளி வரிசை. மரபு நிறங்கள் நான்கு: கருப்பு, சிவப்பு, மஞ்சள், வெள்ளை. கரி, காவி, மஞ்சள் மண், வெண்களிமண் என்று பொதுவாகச் சொல்லலாம். 1970 வாக்கில் கடை வண்ணங்களும் செப்பிக் ஊர்களுக்கு வரத் தொடங்கிவிட்டன. இதனால் பேணுநர்களுக்கு ஒரு சிக்கல். மண் நிறம் தண்ணீரில் கரையும். அக்ரிலிக் வண்ணம் தண்ணீரைத் தாங்கும், கரைப்பானில் இளகும். இரண்டும் ஒரே மட்டையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கலாம். ஒரு ஓவியத்தில் சிவப்பைச் சோதித்துவிட்டு அடுத்த ஓவியத்தின் சிவப்பும் அப்படியே என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒவ்வொரு மட்டையிலும் ஒவ்வொரு நிறத்தையும் ஊசிமுனை அளவு இடத்தில் தனித்தனியே சோதிக்க வேண்டும். 270 மட்டை, நான்கு நிறம் என்றால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சோதனை. இதில் குறுக்கு வழி கிடையாது.

அடிப்பூச்சு கனமாக விழுந்த இடத்தில் செதிலாக எழும்பும். ஒட்டும் பொருள் குறைந்த இடத்தில் தொட்டாலே விரலில் ஒட்டும் மாவாகிவிடும். இரண்டும் வெவ்வேறு நோய். செதிலுக்கு அடியில் பசை செலுத்தி மெல்ல அமர்த்தலாம். மாவு நிறத்துக்குத் தூரிகையே ஆகாது, தொட்டால் இழுவும். ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான மெத்தில்செல்லுலோஸ் கரைசலையோ, ஜப்பானியக் கடற்பாசிப் பசையான ஃபுனோரியையோ பனிமூட்டமாக்கி மேலே படியவிடுவார்கள். ஒரே நேரத்தில் அதிகம் விட்டால் நிறம் கருத்துவிடும். மண் வண்ணத்தின் பளபளப்பற்ற தன்மை போய்விட்டால் ஓவியமே போன மாதிரி.

யாருடைய உருவம்

மட்டைகளில் இருப்பவை முகங்கள், ஆவிகள், பறவைகள், மீன்கள், செடிகள், வான்பொருள்கள். கண் வட்டத்துக்குள் வட்டம், மூக்கு நீண்டு இறங்கும், ஓரமெங்கும் புள்ளி. வெளியாள் கண்ணுக்கு ஒன்றுபோல் தெரியும் இரண்டு உருவங்கள் இரண்டு குலங்களுக்கு உரியவையாக இருக்கலாம். பொருளும் வேறாக இருக்கும். உருவத்துக்கு உரிமை குலத்தினுடையது. அது என்ன என்று சொல்லும் உரிமையும் அந்தக் குலத்துக்குத்தான். எனவே கூரையை அண்ணாந்து பார்க்கிற குவோமா ஒருவர் எந்தெந்தக் குலங்கள் இந்த வீட்டில் சேர்ந்திருக்கின்றன, எது எதற்குச் சொந்தம் என்பதைப் படிக்கிறார். மட்டைகளை நிறப் பொருத்தம் பார்த்துக் கலந்து வைத்தால் அந்த வாசிப்பு நின்றுவிடுகிறது.

குவோமா கலையை நெடுங்காலம் ஆராய்ந்த மானிடவியலாளர் ராஸ் பௌடன் எடுத்துக்காட்டிய ஒரு வழக்கம் இங்கே முக்கியம். சிற்பமோ ஓவியமோ பழசாகிவிட்டால் அதைப் பார்த்துப் புதிதாகச் செய்துகொள்கிறார்கள். புதியதற்குப் பழையதன் மதிப்பு முழுவதும் உண்டு. பழையதைக் காப்பாற்றி வைக்க வேண்டும் என்ற எண்ணம் இல்லை. ஓலைக் கூரை பத்தாண்டு வாக்கில் இற்றுப்போகும் ஈரக்காட்டில் இது இயல்பான ஏற்பாடு. மட்டை போகலாம்; உருவமும் பெயரும் உரிமையும் அடுத்த மட்டைக்கு ஏறிவிடும். அருங்காட்சியகம் செய்வது நேரெதிர். மட்டையைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. பெயரையும் உரிமையையும் எழுதி வைக்கத் தவறினால் அவை நழுவிவிடுகின்றன. இந்த இரண்டு முறைகளில் எது சரி என்று வாதிடுவதில் பயனில்லை. ஆனால் பிடித்து வைப்பவருக்கு, எது நழுவுகிறது என்பதைக் கவனிக்கும் பொறுப்பு கூடுதல்.

வரிசை போனது எப்படி

கூரை ஓவியங்களைச் செய்யச் சொன்னவர் டக்ளஸ் நியூட்டன். அப்போது நியூயார்க்கில் நெல்சன் ராக்ஃபெல்லர் நிறுவியிருந்த தொல்குடிக் கலை அருங்காட்சியகத்தில் இருந்தார். அதன் தொகுப்புதான் பிறகு மெட்ரோபாலிட்டனுக்குப் போனது. நாடு அன்று ஆஸ்திரேலிய நிர்வாகத்தில் இருந்தது. விடுதலை வந்தது 1975 செப்டம்பர் 16இல். பழைய வீடு ஒன்றைப் பிரிக்காமல், ஓவியர்களுக்கு வேலை கொடுத்துப் புதிதாக வரையச் சொன்னது நல்ல முடிவு. செப்பிக்கிலிருந்து வீட்டுத் துண்டுகள் அறுத்துக் கொண்டுபோகப்பட்ட வரலாற்றை அறிந்தவர்கள் இதன் மதிப்பை உணர்வார்கள்.

அந்த நல்ல முடிவிலேயே ஒரு பின்விளைவு இருந்தது. வீட்டில் தொங்கிய மட்டை தன் இடத்தைத் தானே சொல்லும். பிரம்பு கட்டிய துளை, மூங்கில் வரிச்சு மறைத்த இடத்தில் புகை படியாத வெளிர்ப் பட்டை, அடுப்புக்கு மேலே இருந்ததா ஓரத்தில் இருந்ததா என்று காட்டும் கரியின் கனம், ஓலை ஒழுகிய கறை எல்லாம் சான்று. அவற்றைப் பொருத்திப் பார்த்தே அடுக்கை ஓரளவு மீட்கலாம். அருங்காட்சியகத்துக்கென்று வரைந்த மட்டையில் இந்தத் தடயம் எதுவும் இராது. அதன் இடம் எழுத்திலோ வரைந்தவர் நினைவிலோ மட்டும்தான் இருக்கிறது. புகை ஏறாத மட்டைக்குப் பூச்சியைத் தடுக்கும் கவசமும் இல்லை என்பது உபரி நஷ்டம்.

1982 காட்சியில் கூரை பார்க்க அழகாகவே இருந்தது. ஆனால் அதைக் குலவாரியாகப் படிக்க முடியவில்லை. பல ஆண்டுகள் பல லட்சம் பேர் அண்ணாந்து பார்த்த அடுக்கு, மரிவாய் மக்கள் அடுக்கியிருக்கக்கூடிய அடுக்கு அல்ல. 2025க்கு முன் கண்காணிப்பாளர் மையா நுகு தலைமையிலான ஓசியானியப் பிரிவு, ஓவியர்களின் வழிவந்தவர்களிடம் கேட்டு மறுபடி அமைத்தது. இது இந்தக் கூரைக்கு நடந்த சீரமைப்புகளில் முதன்மையானது என்பது நம் உறுதியான கருத்து. கண்ணாடிச் சுவர் மாற்றியதையும் விளக்குகளையும் அதற்கு அடுத்த இடத்தில்தான் வைப்போம்.

தலைகீழாகத் தொங்கும் ஓவியத்தின் தொல்லைகள்

ஓவிய முகம் தரையைப் பார்ப்பதால் சில விஷயங்கள் சுவர் ஓவியத்துக்கு நேர்மாறாக நடக்கின்றன. தூசி பின்பக்கத்தில் சேரும். முன்பக்கம் சுத்தமாகத் தெரியும். பின்பக்கத் தூசி ஈரத்தை இழுத்துப் பிடித்து, மட்டையை ஒருபுறமாகச் சுருளவைக்கும். வண்டுகளுக்கும் அங்கேதான் புகலிடம். ஆகவே சுத்தம் செய்ய மேலிருந்து அணுகும் வழி இருக்க வேண்டும். காட்சி அமைக்கும்போது இதை மறந்துவிட்டால் பிறகு ஒவ்வொரு மட்டையையும் இறக்கித்தான் பார்க்க வேண்டியிருக்கும். இறக்குவதுதான் ஆபத்து மிகுந்த வேலை.

உதிரும் நிறம் இருக்கும் இடத்தில் தங்காது, நேரே கீழே விழும். சுவர் ஓவியத்தில் செதில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே பார்த்துவிடலாம். இங்கே பார்க்கும்போது அது ஏற்கெனவே தரைத்துடைப்பத்தில் போயிருக்கும். கூரைக்கு அடியில் குறித்த இடங்களில் வெள்ளைத் தாள் விரித்து, விழும் துகளை மாதம் ஒருமுறை எண்ணிப் பதிவது மலிவான, நம்பகமான எச்சரிக்கை முறை. காற்றுப்பதனக் குழாய் அதிர்வு இருக்கும் வரிசையில் துகள் கூடுதலாக விழும்.

ஈரப்பதம் 45 முதல் 55 விழுக்காட்டுக்குள் நிற்க வேண்டும். ஒரே நாளில் ஐந்துக்கு மேல் ஏறி இறங்கக் கூடாது. நியூயார்க் குளிர்காலத்தில் சூடேற்றிய அறைக் காற்று மிகவும் வறண்டுவிடும். வாஷ்கக் குன்றின் மட்டை அதைத் தாங்காது. சுருண்டுவிட்ட மட்டையை அழுத்தி நிமிர்த்தினால் நாரோடு வெடிக்கும். ஈர அறையில் 75 விழுக்காடு வரை மெல்ல ஏற்றி, அது தானாக இளகிய பிறகு ஒற்றுத்தாள் வைத்து லேசான பாரத்தில் நாள்கணக்கில் காயவிட வேண்டும். 80ஐத் தாண்டினால் பூஞ்சை. முழுக்கத் தட்டையாக்க ஆசைப்படவும் கூடாது. கொஞ்சம் வளைவு மட்டையின் இயல்பு. அதை விட்டுவைத்துத் தாங்கியை வளைவுக்கேற்ப அமைக்க வேண்டும்.

தாங்கியில் மட்டைக்கு இருபக்கமும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் அசைவிடம் வேண்டும். ஆணி, திருகு எதுவும் மட்டையை ஊடுருவக் கூடாது. மெத்தை வைத்த பிடிகளோ காந்தங்களோ போதும். ஆனால் தலைக்கு மேலே தொங்குவதால் ஒவ்வொன்றுக்கும் இரண்டாவது பாதுகாப்புக் கம்பி கட்டாயம். தீயணைப்பு நீர்க்குழாய் கூரைக்கு மேலே ஓடினால், அது உலர்குழாயாக, எச்சரிக்கை வந்த பிறகே நீர் நிரம்பும் வகையாக இருக்க வேண்டும். ஒரு மூட்டு ஒழுகினால் மண் வண்ணம் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது.

வெளிச்சம் 50 லக்ஸ். கரியும் காவியும் வெளிச்சத்தில் மங்குவதில்லை. மட்டைதான் மஞ்சளித்து நொறுங்கும், கடை வண்ணங்களில் சிலவும் வெளிறும். ராக்ஃபெல்லர் பிரிவின் தெற்குப் பக்கம் சாய்ந்த கண்ணாடிச் சுவர். பழைய கூடத்தில் அந்தப் பக்க வெயில் பெரிய தலைவலி. புதிய அமைப்பில் ஒளியை வடிகட்டும் கண்ணாடி போட்டிருக்கிறார்கள். பூச்சிக்கு நஞ்சு வேண்டாம். காற்றுப் புகாத இரட்டை உறையில் வைத்து மைனஸ் 30 பாகை செல்சியஸில் மூன்று நாள் உறையவைக்கலாம். செதில் எழும்பிய ஓவியமானால் உறையவைக்காமல், ஆக்சிஜனை அரை விழுக்காட்டுக்குக் கீழே இறக்கி மூன்று வாரம் வைப்பது நல்லது.

தூண்களும் உத்தரங்களும் இவ்வளவு செல்லம் கேட்பதில்லை. அடிமரத்தை நடுத்தண்டோடு முழுசாகச் செதுக்கினால் ஆரவாக்கில் வெடிப்பு நிச்சயம், ஏனெனில் மரம் சுற்றளவில் சுருங்குவது ஆரத்தில் சுருங்குவதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. முதுகைக் குடைந்துவிட்டால் அந்த இழுவை குறையும். ஊரில் நட்ட தூண் தரைமட்டத்தில்தான் இற்றுப்போகும், மண்ணுக்கு அடியில் அல்ல. ஈரமும் காற்றும் ஒன்றாகக் கிடைக்கும் இடம் அதுவே. கொண்டுவந்த தூணின் அடியை அறுத்துச் சமப்படுத்தினால், அது எவ்வளவு ஆழம் நட்டிருந்தது என்ற சான்று போய்விடும்.

அடுத்தவர்களுக்கு

பிரிஸ்பேனில் 2012இல் நடந்த ஏழாவது ஆசிய பசிபிக் கலை விழாவுக்குக் குவோமா, அபெலாம் கலைஞர்களையே வரவழைத்து, அவர்கள் கையாலேயே கட்டவைத்தார்கள். வரிசைச் சிக்கல் அங்கே எழவே இல்லை, எங்கே எது என்று தெரிந்தவர்களே ஏணியில் நின்றதால். செலவு கூடும்தான்; அந்தப் பணத்தை இதற்குத்தான் முதலில் ஒதுக்க வேண்டும்.

மெலனீசியக் (நியூ கினி முதலான தென்மேற்குப் பசிபிக் தீவுகளின்) கூரை அல்லது முகப்பு ஓவியங்களை வைத்திருக்கும் சிறிய அருங்காட்சியகங்கள் ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் நிறைய உண்டு. பல இடங்களில் மட்டைகள் தனித்தனியாக, ஒரு எண் மட்டும் போட்டு, கிடங்கில் கிடக்கின்றன. அவற்றைத் தொடும்முன் பின்பக்கத்தைப் படம் எடுங்கள். துளைகள், கரித்தடம், பென்சில் எழுத்து, கட்டுப் பிரம்பின் மிச்சம் எதையும் சுத்தம் செய்யாதீர்கள். ஒவ்வொரு மட்டைக்கும் ஊர், குலம், உருவத்தின் பெயர், வரைந்தவர், அதைச் சொன்னவர், சொன்ன தேதி, பொதுவில் காட்ட இசைவு உண்டா இல்லையா என்று ஏழு பத்தி போட்டு அட்டவணை தொடங்குங்கள். தெரியாத பத்தியை ஊகத்தால் நிரப்பாமல் காலியாக விடுங்கள். பிறகு அந்த அட்டவணையையும் இருபக்கப் படங்களையும் அச்சிட்டு ஊருக்கு அனுப்புங்கள். இணைய இணைப்பு மட்டும் அனுப்பினால் வாஷ்கக் குன்றில் அதைத் திறந்து பார்ப்பது கடினம். தாளாக இருந்தால் பெரியவர்கள் கையில் எடுத்து, தரையில் பரப்பி, தங்களுக்குள் பேசி அடுக்கிப் பார்ப்பார்கள். அவர்கள் அடுக்கியதைப் படம் எடுத்துத் திருப்பி அனுப்ப ஆகும் செலவையும் நீங்களே ஏற்க வேண்டும்.